கம்பளியும் பனந்தும்பும்

“ஸ்ரெல்லாவுக்கு முதற்பரிசாம்! தையல் மெசினாம்!” யோசப்பின் பொருமினாள்.

குருநகர் மாதர் சங்கத்தின் கைவேலைக் கண்காட்சி அது. பக்கத்தில் இருந்த கணவன் பிலிப்பு அவளைத் தேற்றினான்.

“நீ தைச்ச மயிலும் வடிவுதானே.”

“மூண்டு மாசமாத் தைச்சனான்! உவளின்ரை துணியிலை ஒரு பூ இருக்கோ, இலை இருக்கோ?”

கொழும்பிலிருந்து நடுவராக வந்திருந்த ஓவிய ஆசிரியை அந்தத் துணியைத் தூக்கிக் காட்டினார்.

“பூவும் மயிலும் எல்லோரும் தைப்பார்கள். இதில் பச்சைக் கம்பளித் துண்டுகளும் பனந்தும்பும் தாறுமாறாக ஓடுகின்றன. இவ்வளவு கோபத்தை நான் ஒரு துணியில் பார்த்ததேயில்லை. அற்புதம்! தைத்தவர் வாருங்கள்.”

மேடையேறிய ஸ்ரெல்லா துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ரீச்சர், நான் தைச்சது ஒரேயொரு ரோசாப்பூ. நேற்று இஞ்சை தந்த பிறகு ஆரோ அதுக்கு மேலை உதுகளைத் தைச்சு மூடிப்போட்டினம். எனக்கு மெசின் வேண்டாம்.”

மண்டபம் சலசலத்தது. ஆசிரியை சிரித்தார்.

“அப்படியானால் மேலே தைத்தவருக்குத்தான் மெசின். யார் அது?”

ஒருவரும் எழவில்லை. யோசப்பின் தலையைக் குனிந்துகொண்டாள்.

துணியை உற்றுப் பார்த்த பிலிப்பின் முகம் மலர்ந்தது.

“எடியே, உது என்ரை காணாமல்போன பச்சைக் கம்பளித் தொப்பியெல்லோ! நீயோ தைச்சனி? எழும்பு, எழும்பு! ரீச்சர், இஞ்சை பாருங்கோ, என்ரை மனுசிதான்!”