கிட்டாரில் கோளாறு

"இதை மாத்திக் கொடு. முடியாதுன்னா முடியாதுன்னு என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு."

பஞ்சவர்ணம் கிட்டார் பையைக் கண்ணாடி மேசைமேல் போட்ட வேகத்தில், தேக்கா கடைத்தெருவின் அந்தச் சின்ன இசைக்கருவிக் கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைக்காரன் ரிஸ்வான் பதறிப்போய்ப் பையைப் பிடித்தான். "என்னக்கா ஆச்சு? வாங்கி ஆறு மாசம்தானே ஆகுது?"

"ஆறு மாசமா சத்தமே வரல. எலெக்ட்ரிக் கிட்டாராம்! நம்ம வட்டாரச் சமூக மன்றம் சிசியில தீபாவளி மேடைக்கு ஆள் எடுத்தாங்க. எல்லாப் பிள்ளைகளும் வாசிச்சுதுங்க, கணீர்னு இருந்துச்சு. இவ வாசிச்சா, கம்பளிக்குள்ள கொசு கத்துற மாதிரி இருக்கு. 'சத்தத்துல உயிரே இல்ல'ன்னு அந்த மாஸ்டர் அத்தனை பேர் முன்னாடி சொல்றாரு!"

அம்மாவின் முதுகுக்குப் பின்னால் யாமினி தலையைக் குனிந்துகொண்டாள். பதினைந்து வயது. பள்ளிச் சீருடையைக்கூட மாற்றவில்லை.

"அந்த ஆள்கிட்ட சண்டை போட்டு இன்னொரு சான்ஸ் வாங்கியிருக்கேன். இன்னிக்கு அஞ்சு மணிக்கு. அதுலயும் போச்சுன்னா இவளுக்கு மேடை கிடையாது."

ரிஸ்வான் கிட்டாரை எடுத்து, ஒலிபெருக்கும் ஆம்ப் பெட்டியில் ஒயரை மாட்டினான். சட்டைப்பையிலிருந்து கம்பி மீட்டும் பிளாஸ்டிக் வில்லையான பிக்கை எடுத்து ஒரே ஒரு அடி அடித்தான்.

கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. வாசலில் போன இருவர் எட்டிப் பார்த்தார்கள்.

"கிட்டார் நல்லாத்தான் இருக்குலா, அக்கா."

"நீ ஏதோ பட்டனைத் திருகியிருப்ப."

"எதையும் தொடல. இப்பப் பாருங்க." வலது கையைக் கம்பிகள் முடியும் ஓரத்துக்குக் கொண்டுபோய் மீட்டினான். ஊசியாகக் குத்தியது. அதே கம்பியைக் கிட்டாரின் கழுத்துப் பக்கம் வந்து மீட்டினான். மெத்தென்று விழுந்தது. பிக்கை வைத்துவிட்டுக் கட்டைவிரல் சதையால் தடவினான். ஏதோ தூரத்தில் கேட்டது.

"கிட்டார் ஒண்ணு, ஆம்ப் ஒண்ணு. கைதான் வேற வேற."

"அப்போ என் பொண்ணு கையில கோளாறுங்கிற?"

"வாசிக்கட்டும்க்கா, பாத்துடுவோம்."

யாமினி கிட்டாரை வாங்கினாள். பிக் எடுக்கவில்லை. கழுத்துப் பக்கமாகக் கட்டைவிரல் சதையைக் கம்பியில் ஒற்றி எடுத்தாள். ஒலி எழும்புமுன்பே உள்ளங்கையால் அமுக்கினாள்.

ரிஸ்வான் புருவத்தைச் சுருக்கினான். "யாரும்மா உனக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தது?"

"யாரும் இல்ல. நானேதான்."

"தினம் டியூஷனுக்கு முன்னாடி மூணுலேருந்து அஞ்சு வரைக்கும் உக்கார வச்சு வாசிக்க வைக்கிறேன்," என்று பஞ்சவர்ணம் வெடித்தாள். "ஹெட்போன் போடக்கூடாதுன்னு சொல்லிட்டேன். போட்டா இவ வாசிக்கிறாளா போன் பாக்குறாளான்னு யாருக்குத் தெரியும்? சமையல்கட்டுல நின்னு ஒரு நாள் விடாம கேக்குறேன் தம்பி, ஒரு நாள் விடாம!"

ரிஸ்வான் கனமான பிக் ஒன்றை யாமினியின் கையில் வைத்தான். "பயப்படாம அடி. கையைத் தூக்கி அடி."

அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு அடித்தாள்.

கடை முழுக்க நிறைந்தது அந்த ஒலி. ரிஸ்வானே ஓரடி பின்னால் நகர்ந்தான்.

பஞ்சவர்ணத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "அடிப்பாவி! இவ்வளவு தெரிஞ்சு வச்சுக்கிட்டா அங்க போய் அப்படித் தடவின? என்னை அவமானப்படுத்தணும்னே செஞ்சியா? கொழுப்புடி உனக்கு, கொழுப்பு!"

"கத்தாதீங்கம்மா." யாமினியின் குரலும் உயர்ந்துவிட்டது. "வேணும்னு செய்யல. மேடையில நின்னதும் கை தானா அப்படித்தான் போச்சு. பழகிடுச்சு."

"எப்படிப் பழகும்? எந்த மடையன் பழக்கினான்?"

யாமினி கிட்டாரை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"பக்கத்து வீட்டு அழகேசன் அங்கிளுக்கு சாங்கி ஏர்போர்ட் கார்கோவுல ராத்திரி வேலை. மூணு மணிக்குத் தூங்கிட்டு இருப்பாரு. என் ரூம் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவர் கட்டில். கொஞ்சம் நேரத்தை மாத்திக்க முடியுமான்னு அவரு வந்து கேட்டப்ப, தூக்கம் வரலைன்னா வேற வீடு பாருங்கன்னு கதவைச் சாத்தினீங்க. சமையல்கட்டுல உங்களுக்குக் கேக்கணும், சுவருக்கு அந்தப் பக்கம் அவருக்குக் கேக்கக்கூடாது. ஆறு மாசமா அந்தச் சத்தத்தைத்தான்மா நான் பிராக்டிஸ் பண்ணினேன்."