வாசலில் கூப்பிட ஒரு பெயர்

"மெலாத்தீ... பார்சல்!" என்று கூரியர்காரன் அரிஃபின் கத்தினால் செமாராங் நகரின் அந்தச் சந்துக்கே கேட்கும். வாரம் தவறாமல் சீப்பு, சோப்பு என்று ஏதாவது வரும். மூன்றாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் மெலாத்தியின் அம்மா வார்சினி மெல்ல வந்து வாங்குவாள்.

ஒரு மாதமாக எதுவும் வரவில்லை. இன்று வந்த பார்சலின் சீட்டைப் பார்த்து, "இபு வார்சினி! பார்சல்!" என்று கத்தினான். அந்த ஊரில் இபு என்றால் அம்மா.

முதல் குரலுக்கே ஓடி வந்தாள். "ஏன் தம்பி, அவ பேரைக் கூப்பிடலை?"

"உங்க பேர்தானே போட்டிருக்கு, இபு! பொண்ணு ஒருவழியா அம்மாவுக்கும் ஒண்ணு வாங்கிட்டா!"

அவள் சிரிக்கவில்லை. "மெலாத்தி செத்து ஒரு வருஷமாச்சு. வாசல்ல யாராவது அவ பேரைக் கூப்பிடணும்னு, அவ போன்ல நான்தான் ஆர்டர் போடுவேன்."

அரிஃபின் பார்சலைத் தூக்கிக் காட்டினான். "அப்ப இதுவும் நீங்க போட்டதுதானே?"

"இல்லப்பா. அந்த போன் உடைஞ்சு ஒரு மாசமாச்சு."

அவன் சீட்டை மறுபடி பார்த்தான். ஆர்டர் போட்டவர் மெலாத்தி. கீழே கூரியர்காரனுக்கு ஒரு குறிப்பு இருந்தது:

"சத்தமாக் கூப்பிடுங்க அண்ணே. எங்கம்மாவைக் கூப்பிட இப்ப யாருமில்ல."