எங்கே கடிக்கிறது

செருப்புக்கடை விற்பனைப்பெண், வாடிக்கையாளர் உட்காரும் முக்காலியில் அமர்ந்து நான்காவது முறையாகப் பூட்ஸைக் கழற்றுகிறாள். கண்ணாடிக் கதவு வழியே சாய்வெயில் தரையில் நீண்டு கிடக்கிறது. பூட்ஸுக்குள் செருகிய பழம் நறுக்கும் கத்தியும், பழைய கைப்பையின் தோலில் அவளே தைத்த உறையும் உரசி உரசிக் கணுக்காலைச் சிவக்க வைத்துவிட்டன. நாளெல்லாம் ஊரார் பாதங்களைப் பிடித்து, எங்கே கடிக்கிறது என்று கேட்டுச் சரிசெய்கிறவளுக்குத் தன் கால் மட்டும் வசப்படமாட்டேன் என்கிறது. சலித்துக்கொண்டே உறையைப் பின்பக்கம் தள்ளி, நடுவே ஸ்பாஞ்சு வைத்து, லேஸை இறுக்கிக் கட்டி எழுந்து நடக்கிறாள். தரையோரத்துச் சின்னக் கண்ணாடியில் பூட்ஸ் வெறும் பூட்ஸாகவே தெரிகிறது.

"இப்ப கடிக்கலக்கா."

"சரி, கத்திய எடு பாப்போம்," என்கிறாள் கல்லாவில் இருக்கும் அக்கா.

குனிகிறாள். விரல் உள்ளே நுழையவில்லை. முடிச்சும் அவிழவில்லை. ஒற்றைக்காலில் தத்தித் தத்திப் போய் மறுபடியும் முக்காலியில் விழுகிறாள்.

"அவன்கிட்ட, கொஞ்சம் இருங்க, லேஸ அவுத்துட்டு வந்துடறேன்னு சொல்லுவியா?"

இருவருக்குமே சிரிப்பு வரவில்லை. ஒரு வாரமாக அவள் ஏறும் பஸ்ஸில் ஏறி, அவள் இறங்கும் இடத்தில் இறங்குகிறவன், எதிரே நிறுத்தத்துக் கம்பத்தில் சாய்ந்து கடையையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவன் காலில் தேய்ந்துபோன ரப்பர் செருப்பு. எங்கேயும் கடிப்பதாகத் தெரியவில்லை.