கடிக்கிற மீன்

"அத்த, இன்னிக்கு ஒரு நாளு தண்ணில எறங்காதீங்க. சொன்னா கேளுங்க."

காசியம்மாள் புடவையை முழங்காலுக்கு மேல் வாரிச் செருகிக்கொண்டே மருமகனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"முந்தாநாளு ஜுரம் வரும்னீங்க. நேத்து ரப்பர் கையுறை வாங்கியாந்து குட்த்தீங்க. இன்னிக்கு இன்னா மாப்ள?"

"இன்னிக்கு... அமாவாசை."

"அமாவாசை போயி ஆறு நாளாச்சு."

ஏரியே கதியென்று இருப்பவளிடம் போய் அமாவாசைக் கணக்கு சொன்னது தனசேகரின் புத்தி.

"கையுறையாவது போட்டுக்கலாம்ல?"

"அத்தப் போட்டுக்கினா இறாலு எது, கல்லு எதுன்னு எப்பிடித் தெரியும்? பாத்ரூம் கழுவச் சொல்லி ஜமுனாவாண்ட குட்த்துட்டேன்."

காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை பார்க்கும் தனசேகர், இந்த வினையைக் காசு கொடுத்து வாங்கியிருந்தான். ஊரே மீனைப் பிடித்து விற்கிற பழவேற்காட்டில், இவன் ஒருவன்தான் சென்னை வரை போய் மீன் வாங்கி வந்தவன். ஐந்து பிரானா, ரம்பம் போல் பல் வைத்த வெளிநாட்டு மீன். படுக்கையறையில் கண்ணாடித் தொட்டி வைத்து, இறாலைப் போட்டு, அவை கிழித்துத் தின்கிற அழகைக் கூட்டாளிகளைக் கூப்பிட்டுக் காட்டினான். பெருமை பத்து நாள்தான். பதினொன்றாம் நாள் மூன்று வயது மகள் ஸ்டூல் போட்டு ஏறி, தொட்டிக்குள் கைவிடப் போனாள்.

"ஒண்ணு அதுங்க இருக்கணும், இல்ல நானும் கொயந்தையும் இருக்கணும்" என்றாள் மனைவி ஜமுனா.

அன்று சனிக்கிழமை. எளாவூரில் இருக்கும் கூட்டாளி வினோத்துக்குக் கொடுக்கப் போவதாகச் சொல்லி, பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். எளாவூர் வரை யார் போவது? சாயங்காலம் படகுத்துறை ஓரமாகவே ஐந்தையும் கவிழ்த்துவிட்டு வந்தான். இவ்வளவு பெரிய ஏரியில் ஐந்து மீன் எந்த மூலைக்கு என்று நினைத்தான்.

மறுநாள் ஏரியின் அக்கரையில் உள்ள பசியாவரத்திலிருந்து மாமியார், மகளுக்கும் மருமகனுக்கும் மீன்குழம்பு வைத்துத் தூக்கில் கொண்டுவந்திருந்தாள். குழம்பின் ருசியில் இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டே, "இன்னா அத்த, மூஞ்சி இப்பிடி கறுத்துப் போச்சு?" என்று ஆதரவாகக் கேட்டான்.

"விடியக்காலைலேர்ந்து படகுத்துறையாண்ட இடுப்பளவு தண்ணில நின்னா வேற எப்பிடி இருக்கும்?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மாமியாரிடம் வலையும் கிடையாது, தூண்டிலும் கிடையாது. அவளோடு சேர்த்து இருபது பெண்கள், சேற்றைக் கையால் தடவித்தான் இறால் பிடிக்கிறார்கள். மொத்தம் இருநூறு விரல். அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை.

உண்மையைச் சொன்னால் ஊர் கூடித் தோலை உரித்துவிடும். சொல்லாவிட்டால் யார் விரல் போகுமோ தெரியாது. மூன்று நாளாகத் தூக்கமில்லை. இன்று வேலைக்கே மட்டம் போட்டுவிட்டு விடிந்ததும் படகுத்துறைக்கு வந்து நின்றான்.

"அத்த, நா சொல்றத..."

அவள் பனையோலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டாள். இரண்டு கையும் சேற்றைத் தடவ வேண்டும். பிடித்த இறாலைப் போடும் பறிக்கு வாய்தான் இடம். பறி வாயில் ஏறிவிட்டால் அப்புறம் பேச்சு கிடையாது.

குனிந்து தடவினாள். ஒரு கை இறால் பறிக்குள் விழுந்தது. இன்னொரு கை. தனசேகர் ஒவ்வொரு முறையும் விரல்களை எண்ணினான்.

திடீரென்று "ம்ம்ம்" என்று முனகி, கையை வெடுக்கென்று மேலே தூக்கி, எதையோ பறிக்குள் உதறினாள். விரலில் ரத்தம்.

தனசேகர் பேண்ட் சட்டையோடு பாய்ந்தான். மாமியாரை இழுத்துக்கொண்டு வந்து கரையில் போட்டு, அவள் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"என்ன மன்னிச்சிடுங்க அத்த. அந்த மீன வினோத்துக்குக் குடுக்கல. இங்கதான் கொட்டினேன். அஞ்சும் மனுசனக் கடிக்கிற சாதி. உங்க விரலு போனா ஜமுனா மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?"

காசியம்மாள் நிதானமாகப் பறியை வாயிலிருந்து எடுத்து, உள்ளே காட்டினாள். ஒரு நண்டு கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"கடிச்சது இது. தெனம் கடிக்கிறதுதான்."

தனசேகருக்குப் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதி தண்ணீருக்குள் இருந்தது.

"அந்த அஞ்சும் எப்பிடி இருக்கும் மாப்ள? நா ஒரு நாளும் பாக்கலையே."

"உள்ளங்கை அகலம். தட்டையா, வவ்வா மீனு மாரி. வவுறு செவப்பு. கீழ்ப் பல்லு வெளிய தெரியும்."

"சனிக்கெழமயா கொட்டுனீங்க? இங்கியேவா?"

"ஆமா அத்த."

அவள் திரும்பித் தண்ணீரைப் பார்த்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பதறிப்போய்ப் பார்த்தான். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"போயி நிம்மதியா தூங்குங்க. அதுங்க இனிமே யாரையும் கடிக்காது."

மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த கல் சட்டென்று இறங்கியது. சந்தோஷத்தில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எப்பிடி அத்த அவ்ளோ உறுதியா சொல்றீங்க?"

"உப்புத்தண்ணி ஒத்துக்காம ஞாயித்துக்கெழம காலைல அஞ்சும் இங்க மல்லாந்து கெடந்துச்சு. மார்க்கெட்ல விக்கிற ஏரி வவ்வான்னு நெனச்சி வாரிக்கினு போயி கொயம்பு வெச்சேன்" என்று சொல்லிவிட்டு, பறியை மறுபடி பல்லில் கவ்வப் போனவள் திரும்பிச் சொன்னாள். "கடிச்சது நீங்கதான் மாப்ள, அதுவும் ரெண்டாவது வாட்டி சோறு வாங்கி."