கடைசி நாள் கரடி

"கரடி. அதோ, கரையில கரடி."

கப்பலின் மேல்தளத்தில் ரப்பர் பூட்ஸ்களைக் காயவைத்துக்கொண்டிருந்த ரொடேல் கத்தியதும், பயணிகள் காப்பிக் கோப்பைகளை அப்படியே போட்டுவிட்டுக் கம்பி ஓரத்துக்கு ஓடி வந்தார்கள். வடதுருவக் கடலில் இத்தனை நாள் சுற்றியும் ஒரு கரடிகூடக் கண்ணில் படவில்லை. இன்று கடைசி நாள்.

தூரத்துக் கரையில், பழுப்பேறிய வெள்ளையில் பெரிதாக ஏதோ கிடந்தது.

"நல்லாத் தூங்குது," என்றாள் ஒரு ஜெர்மன்காரி.

"தூங்கல, இப்பத்தான் காதை ஆட்டுச்சு. நான் பார்த்தேன்," என்றார் அவள் கணவர். கேமராக்கள் படபடத்தன.

ரொடேலோடு பூட்ஸ் கழுவும் தியோஃபிலோ மெல்ல அவன் பக்கத்தில் வந்து நின்றார். கண்ணைச் சுருக்கிக் கரையைப் பார்த்தார்.

"டேய், அது பாறைடா. போன பயணத்துலயும் அங்கதான் கிடந்துச்சு."

"தெரியும்ணே. மெதுவாப் பேசுங்க."

கடைசி நாளில் பயணிகள் பூட்ஸ்களைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஒரு புல் விதைகூட ஒட்டியிருக்காதபடி ஒவ்வொன்றையும் தேய்த்து, மருந்துத் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். சற்று முன்பு, முதுகு ஒடிய அத்தனையையும் முடித்து நிமிர்ந்தபோதுதான் கேப்டன் தோர்வால்டின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. வானம் தெளிவாக இருக்கிறதாம். எதிரே தெரியும் கரையிலும் இறங்கிப் பார்த்துவிட்டுப் போகலாமாம்.

அந்தக் கரை முழுக்கப் பறவை எச்சம். திரும்பி வந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து கழுவ வேண்டும். கழுவி முடிக்காமல் துறைமுகத்தில் யாரையும் இறங்க விடமாட்டார்கள். ஊழியர்களின் போனுக்குச் சிக்னல் கிடைப்பதோ அந்தத் துறைமுகத்தில் மட்டும்தான்.

"கழுவினா கழுவிட்டுப் போறோம். அதுக்காகக் கரடியை வரவழைப்பியா?" என்றார் தியோஃபிலோ.

"அண்ணே, நாளைக்குக் காலையில ஊர்ல என் பையனுக்கு ஞானஸ்நானம். அவன் முகத்தையே நான் இன்னும் பார்க்கல. இன்னைக்கு நான் பேசலைன்னா, மாமியார் அவங்க அப்பா பேரையே வச்சிடுவாங்க."

"வச்சா என்ன? என்ன பேரு?"

"ஹெர்மோகெனெஸ்."

தியோஃபிலோ கண்ணைக் கசக்கிக்கொண்டார். மறுபடி கரையைப் பார்த்தார்.

"அப்ப அது கரடிதான்," என்றார்.

ஆனால் ரொடேல் ஒன்றை மறந்திருந்தான். வழிகாட்டி சிக்ரிட் துப்பாக்கியோடு ரப்பர் படகில் முன்பே கிளம்பியிருந்தாள். கரையில் கரடி இல்லை என்று அவள் போய்ப் பார்த்துச் சொன்ன பிறகுதான் மற்றவர்களை இறக்குவார்கள்.

கேப்டன் கப்பல் ஓட்டும் அறையிலிருந்து வெளியே வந்தார். கப்பலிலேயே உயரமான இடம் அது. அவர் கையிலிருந்த வாக்கிடாக்கியில் சிக்ரிட்டின் குரல் கீழே வரைக்கும் கேட்டது.

"கேப்டன், எனக்குப் பாறைதான் தெரியுது. வேற ஒண்ணும் இல்ல. இறங்கவா?"

முடிந்தது கதை என்று நினைத்தான் ரொடேல். பொய் சொல்லிக் கரையில் இறங்குவதைத் தடுக்கப் பார்த்தவனுக்கு அடுத்த பயணத்தில் யார் வேலை கொடுப்பார்கள்?

கேப்டன் பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். நெடுநேரம் எடுக்கவே இல்லை. பயணிகள் பார்த்த இடத்தில் தொடங்கி, இடது பக்கம் ஒரு முடி அளவு நகர்த்தி, அங்கேயே நின்றார்.

"இறங்காதே. சத்தம் போடாம திரும்பி வா," என்றார்.

ஒலிபெருக்கி சொன்னது: கரையில் கரடி, இறங்குவது ரத்து, அதைத் தொந்தரவு செய்யாமல் விலகிப் போகிறோம். பயணிகள் முகம் சுளிக்கவில்லை, கை தட்டினார்கள். சிக்ரிட்டின் படகை மேலே ஏற்றியதும் கப்பல் லாங்யர்பீன் துறைமுகத்தைப் பார்த்துத் திரும்பியது.

அந்தக் கப்பலில் ஒரு வழக்கம் உண்டு. பயணத்தின் முதல் கரடியைப் பார்த்துச் சொன்னவர் மேலே போய்க் கப்பல் சங்கை ஒலிக்க வேண்டும். கேப்டன் தன் கையால் ஒரு கிளாஸ் சாராயம் ஊற்றிக் கொடுப்பார்.

"வாயைத் திறக்காதே. குடி, இறங்கி வந்துடு," என்று சொல்லி அனுப்பினார் தியோஃபிலோ.

ரொடேல் சங்கின் கயிற்றை இழுத்தான். கீழே மறுபடி கைதட்டல். அந்த ஜெர்மன்காரர் தொப்பியைக் கழற்றி அவனைப் பார்த்து ஆட்டினார். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

கேப்டன் நீட்டிய கிளாஸை அவன் வாங்கவில்லை.

"வேலையைவிட்டுத் தூக்கினாலும் பரவால்ல சார். அது பாறை. மறுபடி பூட்ஸ் கழுவினா ஊருக்குப் பேச முடியாதேன்னு பொய் சொல்லிட்டேன்."

"பாறைன்னு எனக்குத் தெரியாதா? நான் இந்தக் கடலுக்கு வந்த நாள்லேர்ந்து அங்கதான் கிடக்குது."

கேப்டன் அவன் கையைப் பிடித்துக் கிளாஸை அதில் வைத்தார்.

"அப்புறம் எதுக்கு சார் சிக்ரிட்டைத் திரும்பக் கூப்பிட்டீங்க?"

"பாறைக்குப் பின்னால தாயும் குட்டியும் படுத்திருந்துச்சுப்பா."