ஒட்டிய இடம்

தொண்ணூறுகளில் யாரும் சீந்தாத எங்கள் ராக் குழு ‘துரு’வை இந்தக் காலத்துப் பிள்ளைகள் தோண்டி எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு எங்கள் மைக்கை அணைத்தவர்களின் பிள்ளைகளாகவும் இருக்கலாம். மிஞ்சியிருந்த ஒரே கேசட்டை யாரோ இணையத்தில் ஏற்ற, இன்று அதிலிருந்த பாட்டை மேடையில் பாடுகிறார்கள். அதைப் பாடிய என்னிடமும் டிக்கெட் கேட்டுத்தான் உள்ளே விட்டார்கள். என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. இரண்டாம் சரணத்தின் நடுவில் டிரம்ஸ், கிடார், குரல் எல்லாம் சட்டென்று நின்றன. அரங்கமே கண்ணை மூடி மூச்சைப் பிடித்துக்கொண்டது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு டேப்ரிக்கார்டர் அந்தக் கேசட்டின் நாடாவைத் தின்றபோது, எங்கள் டிரம்மர் ரூஃபஸ் கசங்கிய துண்டை வெட்டிப்போட்டுவிட்டு, வெற்று நாடாவை வைத்து செல்லோடேப்பால் ஒட்டிய இடம் அது. அங்கே ஒரு வரி இருந்தது. ரூஃபஸும் போய்விட்டான், இனி அது எனக்கு மட்டும்தான் தெரியும். எழுந்து நின்று பாடத் தொடங்கினேன். பக்கத்து இருக்கைப் பெண் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“ஆன்ட்டி, ப்ளீஸ், சத்தம் போடாதீங்க. இந்தப் பாட்டோட உயிரே இந்த இடம்தான்.”