பதிச்ச கார்

ஒழுங்கைக்குள் திரும்பும்போதே மகன் கனிசியஸின் காரின் அடிவயிறு நிலத்தில் உரஞ்சும். அந்தச் சத்தம் கேட்டாலே கிறகோரிக்குப் பத்திக்கொண்டு வரும்.

“வாறார் துரை. காரில வாறாரோ, தவண்டு வாறாரோ எண்டு கேள்,” என்றார் மனைவி கத்தரீனாவிடம்.

நல்லாய் நின்ற சின்னக் கார். அதைப் போன மாதம் மானிப்பாயில் ஒரு கராஜில் விட்டு, சொக் அப்சோபரையும் ஸ்பிரிங்கையும் மாற்றி, நிலத்தோடு நிலமாய்ப் பதித்துக்கொண்டு வந்திருந்தான் மகன். குருநகரில் நாலைந்து இளந்தாரிகள் இப்படிக் காரைப் பதித்துக்கொண்டு திரிகிறார்கள்தான். அவங்களுக்கு இருபது வயது. இவனுக்கு முப்பத்தாறு.

“உனக்கு இப்பத்தான் இளந்தாரிப் பருவம் துடங்குதோ?”

“இல்லையப்பா.”

“பின்னை ஏனடா பதிச்சனி?”

“சும்மா.”

அந்தச் ‘சும்மா’தான் கிறகோரியை எரித்தது. வீட்டில் ஒரு மனுசன் சீனி வருத்தத்துக்கு ஒரு காலைக் குடுத்துவிட்டு, மற்றக் காலையும் ஊன்ற ஏலாமல் சில்லுக் கதிரையில் கிடக்கிறான். மகனுக்குக் காரின் வடிவு கேட்கிறது.

பதித்ததோடு விட்டானா? அடுத்த கிழமை கொஞ்சம் உயர்த்தினான். பிறகு திரும்பவும் பதித்தான். விளக்குமாற்றில் ஈர்க்கு ஒன்றை முறித்து, நிலத்திலிருந்து கார் சீற்றுக்குப் பிடித்துப் பிடித்துப் பார்த்தான். கிறகோரி கதிரையில் இருந்தபடி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

கோயில் திருநாளுக்கு முதல்நாள் பின்னேரம், கராஜ்காரன் தேவராசாவே காரைக் கொண்டுவந்து விட்டான். அவனையும் கிறகோரி விடவில்லை.

“நீர்தானோ உந்தக் காரைப் பழுதாக்கின ஆள்?”

“என்னை ஏன் அண்ணை பேசுறியள்? மற்றப் பொடியள் வந்தால், பதிச்சுக் கல்லு மாதிரி இறுக்கிவிடு எண்டுதான் கேப்பாங்கள். உங்கடை மகனுக்குப் பதியவும் வேணுமாம், குலுங்கவும் கூடாதாம். மெதுவான சொக் போட்டால் அடி தட்டுது. இறுக்கினால் ஆளைத் தூக்கியடிக்குது. மூண்டு சோடி மாத்திப் பாத்திட்டன். கடைசியா, புரியைச் சுத்தி உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற சொக் ஒரு சோடி தேடிப் பிடிச்சுப் பூட்டியிருக்கிறன்.”

“சொக்கை விட்டிட்டு உவன்ரை மண்டையை மாத்தியிருக்கலாம்.”

இரவுச் சாப்பாட்டின்போது கனிசியஸ் மெல்லத் தொடங்கினான். “நாளைக்குத் திருநாள் பூசைக்குப் போவம் அப்பா.”

“உந்தக் காரில நான் கால் வைக்க மாட்டன்.”

“அப்ப ஓட்டோ பிடிக்கட்டோ?”

“ஒண்டும் வேண்டாம். என்னைச் சும்மா விடு.”

கத்தரீனா சாப்பிட்ட கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள். வருசா வருசம் திருநாளுக்குப் புனிதரின் சுரூபம் தூக்கின தோள் கிறகோரியின் தோள். காய்ச்சலோடும் தூக்கின மனுசன். இப்போது எட்டு மாதமாய்க் கோயில் வாசல் மிதிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் சண்டைதான்.

காலையில் கோயில் மணி கேட்டது. கிறகோரி முற்றத்தில் கதிரையில் இருந்தார். வெள்ளைச் சேட்டு மட்டும் போட்டுவிடு என்று கத்தரீனாவிடம் சொல்லியிருந்தார், காரணம் சொல்லவில்லை.

கனிசியஸ் காரை மெல்லப் பின்னுக்கு எடுத்து, கதிரைக்குப் பக்கத்திலேயே நிறுத்தி, முன்கதவைத் திறந்தான்.

“என்னைத் தூக்க ஆக்களைக் கூட்டி வந்தியெண்டால் நடக்கிறது வேறை.”

“ஒருத்தரும் வரேல்லை அப்பா.”

கதிரையின் ஒரு பக்கக் கைப்பிடியைக் கழற்றினான். கதிரைக்கும் கார் சீற்றுக்கும் குறுக்காக, நன்றாய் இழைத்த பலகை ஒன்றை வைத்தான். பலகை ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. தண்ணி விட்டாலும் ஓடாத மட்டம்.

பொக்கற்றிலிருந்து அந்த ஈர்க்கை எடுத்துக் கதிரையோடு பிடித்தான். அதன் நுனி சரியாகக் கதிரை மெத்தையின் மேல்விளிம்பில் நின்றது.

“முதல்தரம் மெத்தையை எடுத்துப்போட்டு அளந்திட்டன். பள்ளமாப் போச்சு. அதுதான் திருப்பி உயர்த்த வேண்டி வந்தது.”

கிறகோரி ஈர்க்கைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். மகனின் முகத்தைப் பார்க்க ஏலவில்லை.

எட்டு மாதத்துக்கு முன் கோயில் வாசலில் நாலு பேர் அவரை மீன்கூடை மாதிரித் தூக்கி ஓட்டோவுக்குள் வைத்தபோது, இடுப்பில் உடுத்திருந்த சாரம் அவிழ்ந்து ஊர்ச்சனம் பார்க்க விழுந்தது. பின்னால் நின்ற மகன் அதைக் காணவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

“எருமை. இதை முதலே சொன்னால் என்ன?” குரல் உடைந்தாலும் கோபம் குறையவில்லை.

“சொல்லியிருந்தால் விட்டிருப்பியளோ?”

கிறகோரி கையை ஊன்றி, பலகையில் அரக்கி அரக்கி, கார் சீற்றில் போய் இருந்தார். ஒருவர் கையும் அவர்மேல் படவில்லை.

“கால் வைக்க மாட்டன் எண்டியள்,” என்றாள் கத்தரீனா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“வைச்சனானே? இருந்தபடிதானே வந்தனான். வாயைப் பொத்திக்கொண்டு ஏறு.”

கனிசியஸ் கதிரையையும் பலகையையும் பின்னுக்கு ஏற்றினான். கார் அடி உரஞ்சிக்கொண்டு ஒழுங்கையால் வெளிக்கிட்டது. கோயில் கோபுரம் தெரிந்ததும் கிறகோரி சாரத்தை இறுக்கிப் பிடித்தார்.

“அங்கை சனமாயிருக்கும். இறங்கேக்க?”

கனிசியஸ் றோட்டைப் பார்த்தபடியே சொன்னான்:

“இதே மாதிரித்தான் அப்பா. இண்டைக்குக் கோயில்ல சுரூபத்தை மட்டும்தான் தூக்குவினம்.”